அன்னை ஜுலைகாவின் அருந்தவப் புதல்வர்

காஞ்சியை அடுத்த ஓரிக்கையில் ஒரு மவுத்து வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருந்தோம். தறி நின்றிருந்தது. காலமான மூதாட்டி கடைசி மாதம் வரை மகனுக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர். அவருடைய ராட்டை சுவரோரமாக இருந்தது. நாற்பது வயதைக் கடந்த மகன் அதைப் பார்த்துப் பார்த்து அழுதார். தாயின் ரூஹு பிரிந்த வேளையில் தாம் வெளியூரில் இருந்துவிட்டதே அவருக்குத் தாளாத துயரம். இனித் தாய்க்காகத் தாம் செய்ய என்ன இருக்கிறது என்று நம்மிடம் கேட்டார். அவருக்கு நாம் எடுத்துரைத்த சரிதையையே இங்கு எழுதுகின்றோம்.

இந்திய நாட்டு வலிமார்களில் பெரும்புகழ் பெற்றவர்கள் ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள். அவர்களுடைய முன்னோர் புகாராவிலிருந்து வந்தவர்கள். கி.பி. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள பதாயூன் நகரில் அவர்கள் பிறந்தார்கள். சின்னஞ்சிறு வயதிலேயே தந்தையார் சையிது அஹ்மது அவர்கள் வபாத்தாகிவிட, அன்னை பீபீ ஜுலைகா அம்மையார் அவர்களே மகனையும் மகளையும் வளர்த்தெடுத்தார்கள். அம்மையார் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர்கள். ஆயினும் யாரிடமும் கையேந்தாமல் வறுமையோடு வாழ்ந்தார்கள்.

வீட்டில் உணவில்லாத நாட்கள் பல. அத்தகைய நாட்களில் அம்மையார் முகம் வாடமாட்டார்கள். அன்றைய தினம் தாங்கள் அனைவரும் அல்லாஹ்வின் விருந்தாளிகள் எனப் பிள்ளைகளுக்கு உணர்த்துவார்கள். பசித்த பிள்ளைக்கு அச்சொல்லே ஒரு சுவையாகிவிட்டது. ஒருமுறை யாரோ ஒருவர் தானியம் கொடுத்தனுப்ப, பல நாட்கள் தொடர்ந்து வீட்டில் ரொட்டி இருந்தது. அந்தச் சொல்லைத் தாயார் மறுபடியும் எப்போது சொல்வார்களோ என்று பிள்ளை ஏங்கத் தொடங்கிவிட்டது. தானியம் தீர்ந்து அன்னை அதைச் சொன்ன அன்று தமக்கு உண்டான இன்பம் சொல்லில் அடங்காதது எனப் பிற்காலத்தில் ஹஜ்ரத் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். தவக்குல் என்னும் பாடத்தை அந்தத் தாய் எந்தக் கிதாபையும் விரிக்காமல் ஓதிக்கொடுத்த விதம் இது.

பதாயூனில் மவ்லானா அலாவுத்தீன் உஸூலி அவர்களிடம் ஹஜ்ரத் அவர்கள் ஃபிக்ஹு நூலான குதூரியை ஓதி முடித்தார்கள். ஓதி முடித்த மாணவருக்குத் தலைப்பாகை அணிவிப்பது வழக்கம். அதை வாங்க வீட்டில் வசதியில்லை. அம்மையார் வீட்டிலேயே பஞ்சை நூலாக நூற்று, அண்டையிலிருந்த நெசவாளரிடம் கொடுத்து நெய்து வாங்கினார்கள். பெரியோர்கள் கூடிய சபையில் அந்தப் பருத்தித் தலைப்பாகை மகனின் தலையில் சுற்றப்பட்டது. நெசவூரில் வாழ்கிற நமக்கு அதன் அருமையை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆண்களுக்கு ஆகுமாகாத பட்டைவிட, தாய் நூற்ற அந்தப் பருத்தி விலை மதிப்புடையது.

மகனுடைய கல்வி மேலும் வளர வேண்டும் என்பதற்காக அம்மையார் பிள்ளைகளுடன் டில்லி வந்தார்கள். அங்கும் வறுமை விடவில்லை. ஏதேனும் தேவை ஏற்பட்டால் அம்மையார் 500 தடவை ஸலவாத்து ஓதி, முந்தானையை விரித்து அல்லாஹ்விடம் துஆச் செய்வார்கள்.

ஒவ்வொரு மாதமும் பிறை கண்டவுடன் ஹஜ்ரத் அவர்கள் தாயாரின் பாதத்தில் தலை வைத்து, புதுப்பிறை வாழ்த்துக் கூறி, துஆப் பெறுவார்கள். சுஜூது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. இதுவோ தாயின் காலடியில் முகம் புதைக்கும் பிள்ளையின் பணிவு. அப்படி ஒரு பிறையிரவில், அடுத்த மாதம் யாருடைய பாதத்தில் தலை வைப்பாய் என அம்மையார் கேட்டார்கள். மகனார் கலங்கி அழுதார்கள். ஏழையான தம்மை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மறுநாள் விடை தருவதாகச் சொல்லி, அன்றிரவு ஷைகு நஜீபுத்தீன் முதவக்கில் (ரஹ்) அவர்களின் வீட்டில் போய்த் தங்குமாறு பணித்தார்கள்.

விடியும் வேளையில் பணிப்பெண் ஓடி வந்து அழைத்தாள். ஹஜ்ரத் அவர்கள் விரைந்து சென்றார்கள். அம்மையார் மகனின் வலக்கரம் எதுவெனக் கேட்டு, அதைத் தம் கையில் பற்றி, அல்லாஹ்விடமே அவரை ஒப்படைப்பதாகக் கூறினார்கள். அத்துடன் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வீடு நிறையப் பொன்னும் முத்தும் விட்டுச் சென்றிருந்தாலும் தமக்கு அவ்வளவு மகிழ்ச்சி ஏற்பட்டிராது என்று ஹஜ்ரத் அவர்கள் சொல்வதுண்டு.

அஜோதனில் வாழ்ந்த பாபா பரீதுத்தீன் (ரஹ்) அவர்களிடம் பைஅத்தும் கிலாபத்தும் பெற்ற ஹஜ்ரத் அவர்கள், டில்லியை ஒட்டிய கியாஸ்பூரில் அமர்ந்து மக்களுக்கு வழிகாட்டினார்கள். அவர்களின் கான்காஹ்வில் ஏழைகளுக்கு எப்போதும் உணவு உண்டு. அவர்களோ நோன்பிருப்பவர்கள். ஸஹர் உணவை முன்னால் வைத்தால், பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத் திண்ணைகளிலும் பசியோடு படுத்திருப்போரை எண்ணி, கவளம் தொண்டையில் இறங்காமல் அழுவார்கள். தாயோடு சேர்ந்து பசித்திருந்த பிள்ளையல்லவா!

1316 முதல் 1320 வரை ஆண்ட சுல்தான் குத்புத்தீன் முபாரக் ஷா கில்ஜி, ஹஜ்ரத் அவர்கள் மீது பகைமை கொண்டார். மாதந்தோறும் புதுப்பிறையன்று தம் அரசவைக்கு வந்து வாழ்த்துக் கூறியே ஆகவேண்டும் என வற்புறுத்தினார். பிறை வாழ்த்தைத் தாயின் காலடியில் கூறிப் பழகியவர்கள், மன்னரின் வாயிலில் போய் நிற்பார்களா? ஹஜ்ரத் அவர்கள் அன்னையின் கப்ரை ஜியாரத் செய்து, தம் மனக்குறையை அங்கே சொல்லிவிட்டு, அமைதியாக வீடு திரும்பினார்கள். குறித்த நாள் விடியுமுன் சுல்தான், தாம் மிகவும் நம்பியிருந்த குஸ்ரவ் கானின் சதியால் 1320ல் கொலையுண்டார். தாய் அல்லாஹ்விடம் ஒப்படைத்த கரம் எந்த மன்னருக்கும் முன்னால் நீளவில்லை என்பதே நாம் இதில் காணவேண்டிய படிப்பினை.

கவிஞர் அமீர் ஹசன் 1308 முதல் ஹஜ்ரத் அவர்களின் சபைகளில் இருந்து கேட்டவற்றை பவாயிதுல் ஃபுஆத் என்னும் நூலாகத் தொகுத்தார். தாயின் மறைவைப் பற்றிப் பேசும்போது ஹஜ்ரத் அவர்கள் அழுத அழுகையில் சொற்கள் சரியாக விளங்காமற் போயின என்று அந்நூல் தெரிவிக்கிறது. அப்போது ஹஜ்ரத் அவர்கள் முதிய வயதினர். நாடே போற்றும் ஞானி. ஆயினும் தாயின் நினைவு வந்தால் பிள்ளைதான். அன்னையின் அடக்கத்தலம் டில்லியில் குதுப் மினாருக்குச் செல்லும் பாதையில் அத்சினி என்னும் இடத்தில் உள்ளது. ஹஜ்ரத் அவர்கள் ஹிஜ்ரி 725 ரபீஉல் ஆகிர் 18ல், அதாவது 1325 ஏப்ரல் 3ல், வபாத்தானார்கள்.

இனி அந்த மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். தாயின் இறுதி வேளையில் அருகிலிராத சஹாபியும் உண்டு. ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் வெளியே சென்றிருந்தபோது தாயார் மவுத்தானார்கள். தாம் செய்யும் தர்மம் தாய்க்குப் பயன் தருமா என்று அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். பயன் தரும் என்ற விடை கிடைத்ததும் தம் தோட்டத்தையே தாயின் பெயரால் தர்மம் செய்தார்கள். பெற்றோருக்காக துஆச் செய்வதும், அவர்களுக்குப் பாவமன்னிப்புத் தேடுவதும், அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதும், அவர்களால் ஏற்பட்ட உறவைப் பேணுவதும், அவர்களின் நேசர்களைக் கண்ணியப்படுத்துவதும் அவர்கள் மவுத்துக்குப் பின்னும் பிள்ளைகளுக்கு உள்ள கடமைகளென நபிமொழி அறிவிக்கிறது.

தோட்டமில்லாதவர் ஒரு பசித்தவருக்குச் சோறிடலாம். அதுவும் இயலாதவர் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்தலாம். தாய் உயிரோடிருப்பவர்களோ இன்றே அவர் காலடியில் போய் அமரட்டும். அடுத்த பிறைக்கு யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்பது நம் எவருக்கும் தெரியாது.

யா அல்லாஹ்! எங்களைச் சிறு வயதில் பரிவோடு வளர்த்த எங்கள் பெற்றோர் மீது நீ கருணை புரிவாயாக! அவர்கள் எங்களை எவரிடமும் கையேந்தாமல் வாழப் பழக்கியதுபோல், உன்னையன்றி எவரையும் நம்பாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.