பெங்களூரு சாலைகளில் பூமரம் வளர்த்த கிரும்பிகல்

வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் பெங்களூரு சென்று வரும் நம் ஊர்க்காரர்கள், ஜனவரி முதல் மே வரை அங்குள்ள சாலையோர மரங்கள் இளஞ்சிவப்பு, மஞ்சள், ஊதா, சிவப்பு என மாறி மாறிப் பூப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த அழகுக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பிகல்.

1865-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே பிறந்த இவர், தோட்டக்கலை கற்று லண்டனின் புகழ்பெற்ற கியூ தாவரவியல் பூங்காவில் பணியாற்றினார். 1893-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் அழைப்பில் இந்தியா வந்தார். பின்னர் 1908-இல் மைசூர் அரசின் பணியில் சேர்ந்து லால்பாக் பூங்காவின் பொறுப்பை ஏற்றார்.

லால்பாக்கின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. அவருடைய மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் வரவழைத்து அதை விரிவுபடுத்தினார். அந்தப் பணியைத்தான் பின்னாளில் கிரும்பிகல் தொடர்ந்தார்.

கிரும்பிகல் பின்பற்றிய முறை எளிமையானது. ஒவ்வொரு மரமும் எந்த மாதத்தில் பூக்கிறது என்று கணக்கிட்டு, ஒன்று ஓயும்போது அடுத்தது பூக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்தார். தென் அமெரிக்காவின் ஜகரண்டா, தபேபுயா, மடகாஸ்கரின் குல்மோகர் ஆகியவற்றோடு நம் நாட்டு மரங்களும் சாலைகளில் இடம்பெற்றன. அவருக்குப் பின் வந்த அதிகாரிகளும் இதே வழியில் மரங்களை நட்டதால்தான் இன்றைய காட்சி உருவானது.

மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் காலத்தில் உருவான பிருந்தாவன் தோட்டத்திலும் கிரும்பிகலின் பங்கு உண்டு. 1932-இல் ஓய்வு பெற்றபோது, அவரிடம் பயிற்சி பெற்ற ஜவராயா லால்பாக் பொறுப்புக்கு வந்தார். உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காகக் காவலில் வைக்கப்பட்டபோதும், கிரும்பிகல் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. 1956-இல் தம் 90-ஆவது வயதில் பெங்களூரிலேயே காலமானார். லால்பாக் அருகே ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வாழும் நமக்கு இந்த வாழ்க்கை ஏன் முக்கியம்? 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயல் நம் தோப்புகளையும் தெருவோர நிழலையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டது. அந்த இடங்களில் மீண்டும் மரம் நடும்போது, பூவின் அழகை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறோம். நாம் மயில்கொன்றை என்று சொல்லும் குல்மோகருக்கு வேர் மேலோட்டமாக ஓடும். கிளையும் எளிதில் முறியும். வீட்டுச் சுவரையும் மின்கம்பியையும் ஒட்டி அதை நடுவது ஆபத்து. திறந்த வெளியில் நட்டால் நல்லது.

கிரும்பிகலின் கணக்கை நம் மரங்களிலேயே போட்டுப் பார்க்கலாம். புங்கன் கோடையின் தொடக்கத்தில் பூக்கும். சித்திரையில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும், பூமருது ஊதாவாக மலரும். மழைக்காலத்தையொட்டி மந்தாரை பூக்கும். பூவரசு ஆண்டின் பெரும்பகுதி பூத்திருக்கும். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றைப் புன்னை, பூவரசு, புங்கன் மூன்றும் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் நட்டு, முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

மரம் நடுவதை ஸதக்கத்துல் ஜாரியா என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இந்த மழைக்கு முன் பள்ளிவாசல் வளாகத்திலும் மையவாடியிலும் எந்த மாதம் பூக்கும் மரம் இல்லை என்று பார்த்து, அந்த மரத்தை நடுவோம்.