சூடிக்கொடுத்த கோதை

பாண்டிநாட்டுத் திருவில்லிபுத்தூருக்கு அதன் வானளாவிய கோபுரம் தந்த பெருமையினும் ஒரு பெண் தந்த பெருமை பெரிது. அவரே ஆண்டாள் எனப் போற்றப்படும் கோதையார். அவர் காலம் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டென்பர் ஆராய்ச்சியாளர்.

வடபத்திரசாயிக்கு மாலைத் தொண்டு புரிந்துவந்த பெரியாழ்வார், ஓர் ஆடிப்பூர நாளிலே தம் துளசித் தோட்டத்தில் இப்பெண் மகவைக் கண்டெடுத்து வளர்த்தார் என்பது வைணவ மரபு.

மாந்தர் சூடிய மலர் இறைவனுக்காகாது என்பது தொன்றுதொட்ட வழக்கம். கோதையாரோ, தந்தையார் தொடுத்த மாலையை மறைவிலே தாம் சூடி அழகு பார்த்து, மீண்டும் கூடையில் வைத்துவிடுவார். ஒருநாள் அதனைக் கண்ட தந்தையார் உள்ளம் பதறி, மகளைக் கடிந்து, அன்று மாலை சாத்தாதொழிந்தார். இரவிலே இறைவன் கனவிற் றோன்றி, அவள் சூடிய மாலையே தமக்கு உவப்பென்றருளினாராம். வழக்கத்தை மீறிய செயலே பின்னர் வழக்கமாயிற்று. இன்றும் அவர் சூடிய மாலை புரட்டாசி விழாவிற்குத் திருப்பதிக்கும், சித்திரையிற் கள்ளழகருக்காக மதுரைக்கும் செல்கின்றது.

ஆயினும், மகளிர் வழக்கங்களை அவர்போற் போற்றியவர் அரியர். திருப்பாவையின் 30 பாடல்களும் மார்கழி நோன்பைப் பற்றியன. கன்னியர் வைகறையில் ஒருவரையொருவர் எழுப்பி நீராடுவர். பாலுணவும் மையும் மலரும் விலக்குவர். அதனால் நாடு மழைவளம் பெறுமென நம்புவர். சங்க நூல்கள் கூறும் தைந்நீராடலின் வழிவந்தது இதுவென்பர் அறிஞர். நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களிலே காமனை வேண்டும் தைந்நோன்பும் கூடலிழைத்தலும் வருகின்றன. கண்களை மூடி மணலில் வட்டமிட, அதன் இருமுனையும் கூடினால் எண்ணியது கைகூடும் என்பதே கூடல். கனவிற் கண்ட தம் திருமணத்தைத் தோழிக்குரைக்குமிடத்து, காப்புக் கட்டுதல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என்னும் சடங்குகளையெல்லாம் அடைவே கூறுகின்றார்.

அக்கனவொன்றே அவர் வேண்டிய மணம். மனிதர் எவரையும் மணவேனென அவர் உறுதிபூண்டபொழுது தந்தையார் செய்வதறியாது கலங்கினார். முடிவில் திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். சந்நிதி புகுந்த மகள் மீளவில்லை என்பர். மகளைப் பிரிந்து வருந்தும் தாயொருத்தியின் கூற்றாகப் பெரியாழ்வார் பாடிய பதிகத்தைப் படிக்குந்தோறும், வெறும் மாலைக்கூடையுடன் தனித்து வீடு திரும்பிய அம்முதியவரே எம் கண்முன் நிற்கின்றார்.

விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் (1509–1529) இவ்வரலாற்றை ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியமாக்கினார். ஆகவே, அண்மையிலுள்ள இராசபாளையத்தே வாழும் தெலுங்கு மொழியினர்க்கும் தமிழர்க்கும் கோதையார் ஒருங்கே உரியவர். வேந்தர் செயல்களைக் கல்வெட்டுக்கள் காத்தன. கன்னியர் மணலில் இழைத்த கூடலைக் காத்தது அவருள் ஒருத்தியின் பாட்டே.