முயலிடம் உண்மையைத் தேடிய டாக்டர்

இந்த முறை நான் நிகோலாய் அனிச்கோவ் என்ற ரஷ்ய டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர். நமக்குத்தான் புதுசு. கொலஸ்ட்ரால் என்றதும் நம்ம வீட்டுப் பெரியவங்க பயப்படுறாங்களே, அதற்கு ஆரம்பம் இவர் செய்த சோதனைதான்.

அனிச்கோவ் 1885ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தார். 1909ல் அங்கேயே இராணுவ மருத்துவ அகாடமியில் படித்து டாக்டர் ஆனார். இரத்தக்குழாய் தடித்துப் போவது வயசானால் தானாக வருவது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். 1908ல் இக்னடோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் கொடுத்துப் பார்த்தார். குழாய்கள் கெட்டுப்போயின. அதற்குப் புரதம்தான் காரணம் என்று நினைத்தார்.

அனிச்கோவ் அதோடு விடவில்லை. சலாட்டோவ் என்பவரோடு சேர்ந்து கொலஸ்ட்ராலை மட்டும் தனியாக எடுத்தார். அதைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துச் சில முயல்களுக்குக் கொடுத்தார். வேறு சில முயல்களுக்கு வெறும் எண்ணெய் மட்டும். கொலஸ்ட்ரால் தின்ற முயல்களின் குழாயில்தான் கொழுப்பு படிந்தது. 1913ல் இதை வெளியிட்டபோது அவருக்கு 27 வயசு!

ஆனா நிறைய பேர் ஏத்துக்கவில்லை. எலிக்கும் நாய்க்கும் கொடுத்தால் ஒண்ணும் ஆகலையே, முயல் புல் தின்கிற பிராணி ஆச்சே என்றார்கள். இதற்கு விடை உடம்புக்குள்ளே இருக்கிறது. நாம் சாப்பிடும் கொலஸ்ட்ராலைப் பித்தநீர் கரைக்கிறது. சிறுகுடல் உறிஞ்சுகிறது. பிறகு அது நிணநீர், இரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதில் ஒரு பங்கைப் பித்த அமிலமாக மாற்றிவிடும். எலியும் நாயும் இந்த வேலையை வேகமாகச் செய்கின்றன. முயலால் முடியாது.

அனிச்கோவ் முதல் உலகப்போரில் இராணுவ டாக்டராக வேலை செய்தார். 1920ல் பேராசிரியர் ஆனார். 1946 முதல் 1953 வரை சோவியத் மருத்துவ அறிவியல் அகாடமியின் தலைவராக இருந்தார். 1964ல் இறந்தார்.

அவர் இறந்த பிறகும் கதை முடியலை. 1976ல் அமெரிக்காவில் ஒரு குழு, காற்றுபட்டுப் பழசான கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்தது. ஆக்சிஜன் சேர்ந்து மாறிய அந்தப் பொருள்கள்தான் குழாயைச் சீக்கிரம் காயப்படுத்தின. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாறிய கொலஸ்ட்ராலும் அதே குடல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கல்லீரல் அதையும் மாற்றி வெளியேற்றப் பார்க்கும். ஆனால் குழாய்ச் சுவரில் தங்கிய கொழுப்பு அங்கேயே இப்படி மாறினால், வெள்ளையணுக்கள் அதை விழுங்கி விழுங்கி நுரை மாதிரி உப்பிவிடும். அனிச்கோவ் தன் முயல்களில் இந்தச் செல்களை அன்றைக்கே பார்த்திருந்தார்!

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவைச் சில பேர் ஒதுக்கி வைக்கிறாங்க. ஒரு முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது உண்மைதான். ஆனால் நம்ம உடம்பே தினமும் அதைவிட அதிகமாகத் தயாரிக்கிறது. அவிச்ச முட்டை ஓட்டுக்குள்ளேயே வேகுறதால காற்றும் அதிகம் படாது. வளர்ற பிள்ளைங்க தாராளமா சாப்பிடலாம். இதய நோய் உள்ள பெரியவங்க டாக்டர் சொல்றபடி நடக்கணும். நாம் பயப்பட வேண்டியது, திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்துப் போன எண்ணெயில் மீனும் முட்டையும் பொரிப்பதற்குத்தான். ஏரிப் பக்கம் போனால் பஜ்ஜி வாங்கும் முன் சட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

எதையும் தனியாகப் பிரித்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நம்பு என்பதுதான் அனிச்கோவ் வாழ்க்கையில் நான் படித்த பாடம்.

— 9ஆம் வகுப்பு மாணவி, கரடியூர்