புரூனலும் இருபது மைல் தோலும்

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு சில நாள்களில் வேலைநிறுத்தம் செய்துவிடும். கைப்பிடியை எத்தனை முறை அழுத்தினாலும் காற்று சக்கரத்துக்குப் போகாது. பக்கவாட்டில் சீறிக்கொண்டு வெளியேறும். சைக்கிள் கடைக்காரர் பம்பைக் கழற்றி, உள்ளே காய்ந்து சுருங்கிக் கிடக்கும் தோல் வாஷரை எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, விரலால் பிசைந்து மீண்டும் மாட்டுவார். பம்பு உயிர் பெறும். தோல் வெடித்திருந்தால் எண்ணெயும் உதவாது. புதிய வாஷர்தான் போடவேண்டும். இந்தச் சின்னஞ்சிறு வேலையை இருபது மைல் நீளத்துக்குச் செய்யவேண்டி வந்த ஒரு மாமனிதரின் வரலாற்றை இங்கே சொல்ல விழைகிறேன்.

அவர் பெயர் இசம்பார்ட் கிங்டம் புரூனல். 1806ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தை மார்க் புரூனல் பிரான்சு நாட்டிலிருந்து வந்து குடியேறிய பொறியாளர். அறிவில் செல்வரான அத்தந்தை கைப்பொருளில் வறியவர். 1821இல் கடனுக்காகச் சிறை சென்றவர். தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கப்பாதை தோண்டும் பணியை அவர் 1825இல் தொடங்கியபோது, மகனும் அதில் இறங்கினார். 1828 சனவரியில் ஆற்றுநீர் சுரங்கத்துள் புகுந்து அறுவர் உயிரிழந்தனர். இளைய புரூனல் பலத்த காயத்துடன் தப்பினார். நீர் என்பது சிறு இடுக்கு கிடைத்தாலும் புகுந்துவிடும் என்பதை இருபத்தோராம் வயதிலேயே உடலால் கற்றவர் அவர். காற்றும் அப்படித்தான் என்பதைக் கற்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

1833இல், தம் இருபத்தேழாம் வயதில், லண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கும் கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையின் தலைமைப் பொறியாளரானார். பிறர் நாலடி எட்டரை அங்குல இடைவெளியில் தண்டவாளம் போட்டபோது, இவர் ஏழடி அகலம் வேண்டும் என்றார், அப்படியே போட்டார். 1841இல் அப்பாதை முழுதும் திறக்கப்பட்டது. கிரேட் வெஸ்டர்ன், கிரேட் பிரிட்டன் என்னும் கப்பல்களும் அவர் ஆக்கங்களே.

1843இல் குழந்தைகளுக்கு வித்தை காட்டும்போது அரைப் பவுன் நாணயம் ஒன்று அவர் மூச்சுக்குழலுள் சென்று சிக்கிக்கொண்டது. மருத்துவர்களின் முயற்சி பலிக்கவில்லை. ஐந்து வாரங்களுக்குப் பிறகு, ஒரு பலகையில் தம்மைக் கட்டச் செய்து, தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்லி, அந்த நாணயத்தை வெளியே வரவழைத்தார். எந்தச் சிக்கலையும் புதுவழியில் தீர்க்கலாம் என்னும் துணிவு அவருக்கு இருந்தது. அந்தத் துணிவுதான் அவரைத் தெற்கு டெவன் பாதையில் சோதித்தது.

எக்சிட்டர் நகரிலிருந்து பிளிமத் வரை ஏறத்தாழ 52 மைல். முதற்பகுதி கடலோரம், நியூட்டன் ஊரைத் தாண்டினால் குன்றுகள். அக்கால நீராவி எஞ்சின்கள் வலிமை குறைந்தவை. தம் எடையையும் கரியையும் நீரையும் சுமந்துகொண்டு, வண்டியையும் இழுத்துக்கொண்டு அந்த ஏற்றங்களில் ஏறவேண்டும். எஞ்சினை வண்டியில் வைக்காமல் தரையிலேயே நிறுத்திவிட்டால் என்ன? கிளெக், சாமுடா உடன்பிறந்தார் ஆகியோர் கண்ட காற்றழுத்த இருப்புப்பாதை இதற்கு விடை சொன்னது.

அதன் அமைப்பு எளிது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாய் ஓடும். அதனுள் ஒரு பிஸ்டன். அது முதல் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருக்கும். பாதையோரத்தில் சில மைலுக்கு ஒன்றாக நிற்கும் பம்பு நிலையங்கள், பிஸ்டனுக்கு முன்னால் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும். பின்னால் இருக்கும் வளிமண்டலத்தின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், வண்டி ஓடும். புகையில்லை, கரித்தூளில்லை, இரைச்சலில்லை.

ஆனால் குழாய்க்குள் இருக்கும் பிஸ்டனை வெளியே இருக்கும் பெட்டியோடு பிணைப்பது எப்படி? அதற்காகக் குழாயின் மேற்புறம் நெடுகிலும் ஒரு பிளவு விடவேண்டும். பிளவு திறந்திருந்தால் வெற்றிடம் ஏது? எனவே பிளவின்மேல் தோலாலான பட்டை ஒன்று மூடியாக அமைந்தது. ஒரு விளிம்பு குழாயோடு பொருத்தப்பட்டிருக்கும். மறு விளிம்பு கதவுபோல் திறந்து மூடும். தோல் வளையாதிருக்க மேலும் கீழும் இரும்புத் தகடுகள். வண்டி வரும்போது உள்ளிருக்கும் சிறு சக்கரங்கள் பட்டையைத் தூக்கும். பிணைப்புக் கை கடந்து சென்றதும் ஓர் உருளை அதை அழுத்தி மூடும். மூடிய விளிம்பில் காற்றுப் புகாதிருக்க மெழுகு போன்றதொரு பூச்சு. முதலில் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்து பூசினர். தெற்கு டெவனில் பின்னர் சோப்பும் மீன் எண்ணெயும் கலந்து பூசினர்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்பட்டை ஒவ்வொரு வண்டிக்கும் திறந்து மூடவேண்டும். ஒவ்வொரு முறையும் பூச்சு கலையும். ஒவ்வொரு முறையும் மீண்டும் ஒட்டவேண்டும்.

அயர்லாந்தில் டால்கி என்னும் இடத்தில் இத்தகைய பாதை 1843 முதல் சோதிக்கப்பட்டு வந்தது. நீளம் இரண்டு மைலுக்கும் குறைவு; பம்பு நிலையம் ஒன்றே ஒன்று. புரூனல் அதைப் பார்த்தார்; மகிழ்ந்தார். இராபர்ட் ஸ்டீவன்சன் அங்கே காற்றுக் கசிவை அளந்தறியச் செய்து, இம்முறை ஆதாயமாகாது என்று 1844இல் அறிக்கை தந்தார். புரூனலின் கீழ் எஞ்சின்களுக்குப் பொறுப்பேற்றிருந்த டேனியல் கூச்சும் கணக்குப் போட்டுப் பார்த்து, எஞ்சின்களே மலிவு என்றார். நண்பர்கள் இருவரும் சொன்னதைப் புரூனல் ஏற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தெற்கு டெவன் இயக்குநர்களுக்குக் காற்றழுத்த முறையையே பரிந்துரைத்தார். ஸ்டீவன்சன் கசிவைப் பார்த்தார். புரூனல் வேகத்தைப் பார்த்தார் என்று நான் எண்ணுகிறேன்.

1847 செப்டம்பரில் எக்சிட்டரிலிருந்து டின்மத் வரை பயணிகளுக்கான காற்றழுத்த வண்டிகள் ஓடத் தொடங்கின. 1848 சனவரியில் நியூட்டன் வரை நீண்டன. மொத்தம் இருபது மைல். எட்டு பம்பு நிலையங்கள். குழாயின் உள்விட்டம் 15 அங்குலம். மணிக்கு 60 மைலுக்கு மேற்பட்ட வேகமும் எட்டப்பட்டது. ஆடாமல் அசையாமல் சென்ற அப்பயணத்தைப் பயணிகள் விரும்பினர். இது தோற்றுப்போன கருவி என்று எழுதுவோர் இதை மறந்துவிடுகின்றனர். வண்டி ஓடியது, நன்றாகவே ஓடியது. ஓடாமற்போனது பட்டைதான்.

பாதை நெடுகப் பணியாளர்கள் பூச்சுப் பொருளுடன் நடந்து, விளிம்பைத் தடவி அடைத்துக்கொண்டே இருந்தனர். அவர்கள் கடந்து சென்ற இடத்தை அடுத்த வண்டி கலைத்துவிட்டுப் போகும். பூச்சு காற்றுப் பட்டு இறுகியது, இறுகியபின் ஒட்டவில்லை. அவ்வாண்டுக் குளிரில் தோல் ஈரத்தோடு உறைந்து விறைத்தது. பட்டை படிந்து மூட மறுத்தது. அடுத்து வந்த வறண்ட வானிலையில் தோல் காய்ந்து வெடித்தது. குழாய்க்குள் இருந்த வெற்றிடமே தோலின் எண்ணெயை உறிஞ்சியது. பதனிடும்போது தோலில் ஏறிய துவர்ப்பொருளும் இரும்புத் துருவும் சேர்ந்து வினைபுரிந்து தோலை மேலும் கெடுத்தன. வெளியே பணியாளர் எண்ணெய் தடவ, உள்ளே பம்பு அதைக் குடித்தது! கடைக்காரரின் இரண்டு சொட்டு மருந்து இங்கே செல்லாததற்குக் காரணம் இதுவே.

தோலில் தடவிய கொழுப்பை எலிகள் தின்றதால்தான் பாதை மூடப்பட்டது என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. சிரிக்க நன்று. ஆனால் இருபது மைல் தோலை வெடிக்கச் செய்வது எலிகளால் ஆகாது.

கசிவு கூடக்கூடப் பம்புகள் கூடுதலாக உழைத்தன. கரி கணக்கின்றி எரிந்தது. நிலையங்களுக்கிடையே தந்தி வசதி தாமதமாக வந்ததால், வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கால அட்டவணைப்படி பம்புகள் ஓடின. 1848ஆம் ஆண்டின் நடுவில் பட்டை நெடுந்தொலைவுக்குக் கிழிந்து கிடந்தது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் நிலை கடந்துவிட்டது, முழுவதையும் மாற்றவேண்டும். மாற்றும் செலவு யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. அதைவிடப் பெரிய கேள்வி வேறு. அதே தோலையும் அதே எண்ணெயையும் கொண்டு புதுப்பித்தால், அடுத்த ஆண்டு இதே கதைதானே? கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்திய ரப்பருக்குச் சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1844இல். அத்தொழில் அன்று தவழும் குழந்தை. தோலைவிட்டால் வேறு துணை புரூனலுக்கு இல்லை.

இங்கேதான் அம்மனிதரின் உண்மை உயரம் தெரிகிறது. தம் திட்டத்தைக் காப்பாற்ற அவர் வாதாடியிருக்கலாம். இயக்குநர்கள் அவர் சொல்லுக்கு மதிப்பளிப்பவர்கள். ஆயினும் ஆகஸ்டில் அவர் அளித்த அறிக்கை குறைகளை மறைக்கவில்லை. இம்முறையை மேலும் நீட்டிக்குமாறு அவர் வற்புறுத்தவுமில்லை. செப்டம்பர் 10 முதல் நீராவி எஞ்சின்களே அப்பாதையில் ஓடின. ஓராண்டுகூட நிரம்பாத இம்முயற்சியில் நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் கரைந்தது. புரூனலும் தம் சொந்தப் பணத்தை அதில் இட்டிருந்தார். பெயரளவிலான ஒரு தொகையைத் தவிர அப்பணிக்கு ஊதியம் பெறவும் மறுத்தார். பங்குதாரர்களின் இழப்பு அதனால் ஈடாகிவிடவில்லை என்பதும் மெய்.

அதன்பின் பதினோராண்டுகள் வாழ்ந்தார். சால்டாஷ் ஊரில் டேமர் ஆற்றின்மேல் அவர் கட்டிய பாலம் 1859இல் திறக்கப்பட்டது. நோயுற்றிருந்ததால் விழாவுக்கு வர முடியவில்லை. பின்னொரு நாள் திறந்த வண்டியில் படுத்தவாறே அதைக் கண்டார். 692 அடி நீளமான கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் அவர் உடல்நலத்தையும் செல்வத்தையும் உறிஞ்சியது. 1859 செப்டம்பர் 15இல், ஐம்பத்துமூன்றாம் வயதில் மறைந்தார். அந்தக் கப்பல் 1866இல் அட்லாண்டிக் கடலடியிலும், 1870இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையிலும் தந்திக் கம்பி இட்டது. கடல்நீர் புகாதபடி அக்கம்பியை மூடியிருந்தது குட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பால் பிசின்.

தெற்கு டெவன் பாதை இன்றும் அவர் வகுத்த வழியிலேயே செல்கிறது. காற்றழுத்தம் இழுக்கும் என்று நம்பி நியூட்டனுக்கு அப்பால் அவர் விட்டுவைத்த டெயின்டன், ராட்டரி ஏற்றங்களில் நீராவி எஞ்சின்கள் நூறாண்டுக்கு மேல் மூச்சிரைத்தன. ஸ்டார்க்ராஸ் என்னும் சிற்றூரில் பம்பு நிலையக் கட்டடம் ஒன்று எஞ்சி நிற்கிறது. டிட்காட் இரயில்வே காட்சியகத்தில், ஏழடித் தண்டவாளங்களுக்கு நடுவே, அந்தக் குழாயின் ஒரு பகுதியையும் அதன் மேற்பிளவையும் காணலாம்.