ஹெர்மன் பிராஷ்

ஹெர்மன் பிராஷ் (டிசம்பர் 25, 1851 – மே 1, 1914) செருமனியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த வேதியியலாளர் ஆவார். நிலத்தடியில் உள்ள கந்தகத்தைச் சுடுநீரால் உருக்கி வெளிக்கொணரும் பிராஷ் முறையைக் கண்டறிந்தவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகின்றார். எண்ணெய்க் கிணறுகளுக்குள் அமிலம் செலுத்தி, அடியில் உள்ள பாறையைக் கரைத்து, எண்ணெய் வரத்தை மிகுவிக்கும் அமிலமூட்டல் முறைக்கு 1896ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவரும் இவரே. இம்முறை இவரது வாழ்நாளில் கைவிடப்பட்டு, இவர் இறந்து 18 ஆண்டுகளுக்குப் பின்னரே தொழிலில் நிலைபெற்றது.

இளமைக் காலம்

பிராஷ் வுர்ட்டம்பெர்க் அரசில் உள்ள கைல்டோர்ஃப் என்னும் ஊரை அடுத்துப் பிறந்தார். 1868ஆம் ஆண்டில், பதினேழு வயது நிறையும் முன்னரே, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். பிலடெல்பியா மருந்தியல் கல்லூரியில் பேராசிரியர் ஜான் மைஷ் என்பவரின் உதவியாளராகப் பணியாற்றினார். 1874ஆம் ஆண்டில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் விரைவாக வளர்ந்துவந்த பெட்ரோலியத் தொழில் இவரது கவனத்தை ஈர்த்தது. பாரஃபின் மெழுகைத் தூய்மைப்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கிய பின்னர், எண்ணெய் சுத்திகரிப்பின் மையமாக விளங்கிய கிளீவ்லாந்து நகருக்கு இடம்பெயர்ந்தார்.

பெட்ரோலியத்திலிருந்து கந்தகம் நீக்கல்

1885ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் லைமா நகரில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. எனினும் அந்த எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் மிகுந்திருந்தன. அதிலிருந்து பெறப்பட்ட விளக்கெண்ணெய் தீய நாற்றம் வீசியது. எரிக்கும்போது விளக்கின் கண்ணாடியைக் கரிபடியச் செய்தது. ஆகவே அதனை வாங்குவோர் குறைந்தனர்.

கனடாவின் ஒன்ராறியோ பகுதியில் கிடைத்த எண்ணெயிலும் இதே குறை இருந்தது. அங்கு ஆய்வு செய்த பிராஷ், செப்பு ஆக்சைடைக் கொண்டு எண்ணெயிலுள்ள கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பயன்படுத்திய செப்புச் சேர்மத்தை வறுத்து மீண்டும் ஆக்சைடாக மாற்ற இயன்றதால் இம்முறை சிக்கனமாகவும் அமைந்தது. ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் 1886ஆம் ஆண்டில் இவரைப் பணியில் அமர்த்தி இம்முறையைத் தனதாக்கிக் கொண்டது. மதிப்பற்றுக் கிடந்த லைமா எண்ணெய் விலைபோகும் பொருளாயிற்று.

அமிலமூட்டல்

லைமா பகுதியில் எண்ணெய் டிரென்டன் சுண்ணாம்புக்கல் எனப்படும் பாறையில் தங்கியுள்ளது. பாறையின் நுண்துளைகளும் விரிசல்களும் குறுகியதாக இருந்தாலோ அடைபட்டாலோ, உள்ளே எண்ணெய் இருந்தும் கிணற்றுக்கு வந்து சேராது. அக்காலத்தில் இதற்குத் தீர்வாகக் கிணற்றின் அடியில் நைட்ரோகிளிசரின் வெடிக்கச் செய்யப்பட்டது. இது ஆபத்தானது; கிணற்றையே சிதைத்துவிடக் கூடியது.

பிராஷ் இதனை ஒரு வேதியியல் சிக்கலாக அணுகினார். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட்டு ஆகும். இதன்மீது ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் கால்சியம் குளோரைடு, நீர், கார்பன் டை ஆக்சைடு ஆகியவை உண்டாகின்றன. கால்சியம் குளோரைடு நீரில் நன்கு கரையும் தன்மையுடையது. ஆகவே கரைந்த பாறையை நீர்மமாகவே வெளியேற்றலாம். 15% செறிவுள்ள அமிலம் ஒரு கன மீட்டர் அளவு செலுத்தப்பட்டால் ஏறத்தாழ 220 கிலோகிராம் சுண்ணாம்புக்கல் கரையும். கரைந்த இடத்தில் கிணற்றிலிருந்து பாறைக்குள் நீளும் வழிகள் உருவாகி, எண்ணெய் எளிதாக வந்து சேர்கின்றது.

பிராஷின் காப்புரிமை 1896ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் வழங்கப்பட்டது. அதே நாளில், லைமாவில் இருந்த சோலார் சுத்திகரிப்பு ஆலையின் மேலாளர் ஜான் வான் டைக் என்பவருக்கும் கந்தக அமிலத்தைப் பயன்படுத்தும் இதையொத்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. இருவரும் தத்தம் உரிமையில் பாதியை மற்றவருக்கு அளித்தனர். கந்தக அமிலம் சுண்ணாம்புக்கல்லுடன் வினைபுரியும்போது உண்டாகும் கால்சியம் சல்பேட்டு நீரில் எளிதில் கரையாது. அது திறந்த துளைகளையே மீண்டும் அடைத்துவிடும். எனவே பின்னாளில் நிலைத்தது பிராஷ் தேர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே ஆகும்.

லைமா பகுதிக் கிணறுகளில் நடத்தப்பட்ட சோதனைகளில் எண்ணெய் வரத்து வெகுவாக உயர்ந்தது. ஆயினும் பாறையைக் கரைக்கும் அமிலம் கிணற்றின் இரும்புக் குழாய்களையும் அரித்தது. இதனைப் பிராஷ் முன்னரே உணர்ந்திருந்தார். அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள குழாய் வழியாக அமிலத்தைச் செலுத்துவதும், எஞ்சிய அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்குவதும் அவரது காப்புரிமையில் இடம்பெற்றிருந்தன. எனினும் இவை அரிப்புச் சிக்கலுக்கு முழுத் தீர்வாக அமையவில்லை. சில ஆண்டுகளில் அமிலமூட்டல் வழக்கொழிந்தது.

கந்தக அகழ்வு

லூசியானா மாநிலத்தின் கால்கசியு பகுதியில் கந்தகப் படிவு இருப்பது முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால் அதன் மேல் புதைமணல் அடுக்கு இருந்தது. சுரங்கம் தோண்டும் முயற்சிகள் மீண்டும் மீண்டும் தோல்வியடைந்தன. நச்சு வாயுவால் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

மனிதரை உள்ளே இறக்காமலே கந்தகத்தை எடுக்கலாம் எனப் பிராஷ் கருதினார். கந்தகம் ஏறத்தாழ 115 பாகை செல்சியசில் உருகுகின்றது. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த மூன்று குழாய்களைக் கிணற்றில் இறக்கி, வெளிக்குழாய் வழியே அழுத்தத்தில் 165 பாகை செல்சியசு அளவுக்குச் சூடாக்கிய நீரைச் செலுத்தினார். உருகிய கந்தகம் நடுக்குழாயில் ஏற, உட்குழாய் வழியே செலுத்தப்பட்ட அழுத்தக் காற்று அதனை மேலே உயர்த்தியது. 1894 டிசம்பர் இறுதியில் முதன்முதலாகக் கந்தகம் இவ்வாறு வெளிவந்தது. அது 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தூய்மையுடன் இருந்தது.

1896ஆம் ஆண்டில் யூனியன் சல்பர் நிறுவனம் அமைக்கப்பட்டது. நீரைச் சூடாக்கத் தேவைப்பட்ட எரிபொருளின் செலவு தொடக்கத்தில் பெருந்தடையாக இருந்தது. அண்டை மாநிலமான டெக்சாசில் 1901ஆம் ஆண்டில் ஸ்பிண்டில்டாப் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டு மலிவான எண்ணெய் கிடைத்ததும் அத்தடை நீங்கியது.

அதுவரை உலகின் கந்தகத் தேவையை இத்தாலியின் சிசிலித் தீவே பெரும்பாலும் நிறைவு செய்தது. அங்குச் சிறுவர்கள் சுரங்கத்திலிருந்து தாதுவை முதுகில் சுமந்து வரும் கொடிய வழக்கம் நிலவியது. அமெரிக்கக் கந்தகத்தின் வரவால் சிசிலியின் சந்தை சரிந்தது. அத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்களின் வாழ்வும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1906ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு உற்பத்தியாளர் அனைவரையும் ஒரு கட்டாயக் கூட்டமைப்பின் கீழ்க் கொண்டுவந்தது.

இறுதிக் காலம்

தொழில்துறை வேதியியலுக்கான பெர்கின் பதக்கம் 1912ஆம் ஆண்டில் பிராஷுக்கு வழங்கப்பட்டது. 1914ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் பாரிசு நகரில் காலமானார்.

அமிலமூட்டலின் மறுவருகை

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த டவ் கெமிக்கல் நிறுவனம் தன் உப்புநீர்க் கிணறுகளில் அமிலத்தைப் பயன்படுத்தி வந்தது. 1932ஆம் ஆண்டு பிப்ரவரியில், பியூர் ஆயில் நிறுவனத்துடன் இணைந்து, அம்மாநிலத்திலுள்ள ஓர் எண்ணெய்க் கிணற்றில் 500 கேலன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தியது. டவ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கிரீபி, இரும்பு அரிபடாமல் தடுக்கும் ஆர்சனிக் சேர்மம் ஒன்றை அமிலத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்திருந்தார். வற்றியிருந்த அக்கிணறு மீண்டும் எண்ணெய் தந்தது. அதே ஆண்டு நவம்பரில் இப்பணிக்கெனவே டவெல் நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாத மணற்கல் பாறைகளுக்கு, அதனுடன் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்ந்த கலவை 1940ஆம் ஆண்டளவில் பயன்பாட்டுக்கு வந்தது. நச்சுத்தன்மையுடைய ஆர்சனிக் சேர்மங்களுக்குப் பதிலாகக் கரிமத் தடுப்பான்கள் பின்னர் இடம்பெற்றன.

தாக்கம்

பிராஷின் கந்தகமுறை அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்து, 2000ஆம் ஆண்டில் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டதோடு முடிவுக்கு வந்தது. பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் கந்தகமே இன்று உலகத் தேவையின் பெரும்பகுதியை நிறைவு செய்கின்றது. எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்குவது பிராஷ் லைமா எண்ணெய்க்காக மேற்கொண்ட அதே பணியாகும். இவரது பெயரைத் தாங்கிய முறை அருகிவிட்ட நிலையில், பெயர் தாங்காத அமிலமூட்டல் உலகெங்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் தொடர்ந்து பயன்பட்டு வருகின்றது.