பாதரசமும் பொறுமையும்: ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய்

வங்காளம் பாரதத்துக்கு அளித்த பெரியோர்களை எண்ணும்போது கவிகளும் தேசபக்தர்களும் முதலில் நம் நினைவுக்கு வருகின்றனர். அவ்வரிசையில் ஓர் இரசாயன ஆசிரியருக்கும் உயர்ந்த இடம் உண்டு. ஆசாரிய ராய் என்று மக்கள் அன்போடு அழைத்த அப்பெரியாரின் வரலாறு நம் பிள்ளைகள் அறியத்தக்கது.

1861 ஆகஸ்டு 2ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள குல்னா பகுதியில், ராருளி என்னும் சிற்றூரில் பிரபுல்ல சந்திரர் பிறந்தார். கல்கத்தாவில் பள்ளியில் பயிலுங்கால் கடும் வயிற்றுக்கடுப்பு அவரைத் தாக்கிற்று. படிப்பு நின்றது, தந்தையாரின் நூலகமே பள்ளியாயிற்று. அந்நோயின் தொல்லை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. எனினும் 1882இல் உதவிச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்றார். 1887இல் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டு தாயகம் திரும்பினார். அன்று கல்வித் துறையின் உயர் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியன. ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தபின், 1889இல் பிரெசிடென்ஸி கல்லூரியில் மாதம் 250 ரூபாயில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது.

அவருக்குப் புகழ் தந்த கண்டுபிடிப்பை உணர, அமிலத்தின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். நீர் மிகுந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டு ஒன்றை இட்டால், குமிழிகள் மெல்ல மெல்ல எழும். அமிலத்தின் செறிவைக் கூட்டினால் அவை பொங்கி எழும். ஒரே அளவு திரவத்தில் அமிலத் துகள்கள் பெருகப் பெருக, நொடிதோறும் உலோகத்தின் மேல் மோதுபவையும் பெருகும். அதனால் வினை விரைகிறது.

நைட்ரிக் அமிலமோ இன்னும் விந்தையானது. அதன் செறிவு வேகத்தை மாற்றுவதோடு, விளையும் பொருளையும் மாற்றிவிடும். சூடான அடர் அமிலத்தில் பாதரசம் பழுப்பு நிறப் புகையைக் கக்கி விரைந்து கரையும். குளிர்ந்த, நீர்த்த அமிலத்தில் வினை நிதானமாக நிகழும். பாதரசம் மிகுதியாக இருந்தால் மெர்குரஸ் நைட்ரேட் என்னும் உப்பு கிடைக்கும்.

இவ்வுப்பையே ராய் நிறையத் தயாரிக்க விரும்பினார். நீர்த்த அமிலத்தைக் குளிர்ந்த நிலையிலேயே பாதரசத்தின் மேல் விட்டு வைத்தார். மஞ்சள் நிறப் படிகங்கள் சில தோன்றின. அவை ஒருவகைக் கார உப்பு என்றே முதலில் எண்ணினார். ஆனால் அமிலம் மிகுந்த இடத்தில் கார உப்பு எவ்வாறு உண்டாகும்? இந்த ஐயத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை. பலமுறை சோதித்து, அது மெர்குரஸ் நைட்ரைட் என்று நிறுவினார். நைட்ரைட்டுகள் அடர் அமிலத்தில் சிதைந்து புகையாகிவிடுவன. மெதுவான வினையிலேதான் அம்மென்மையான பொருள் உருப்பெற்றுக் கண்ணில் பட்டது. 1896இல் இச்செய்தி வெளியானதும் இங்கிலாந்தின் 'நேச்சர்' பத்திரிகையும் அதைக் குறிப்பிட்டது.

அதன்பின் நைட்ரைட்டுகளின் ஆராய்ச்சி அவருடைய வாழ்நாள் தொண்டாயிற்று. சில நூறு ரூபாய் முதலீட்டில், தாம் குடியிருந்த வாடகை வீட்டில் தொடங்கிய மருந்துத் தொழில் 1901இல் வங்காள இரசாயன நிறுவனமாக மலர்ந்தது; 1980இல் அரசுடைமையாயிற்று. 1902இல் இந்துக்களின் இரசாயன வரலாற்று நூலின் முதற் பகுதியை வெளியிட்டார். மேகநாத சாஹா, சத்யேந்திரநாத் போஸ் போன்றோர் அவரிடம் பயின்ற மாணவர்கள். 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் சேர்ந்தார். அறுபதாம் வயதுமுதல் தம் சம்பளத்தை அப்பல்கலைக்கழகத்துக்கே அளித்துவிட்டார். இல்லறம் ஏற்காத அவர், கல்லூரியின் ஓர் அறையிலேயே எளிமையாக வாழ்ந்து, 1944 ஜூன் 16ஆம் நாள் மறைந்தார்.

பிறந்த ஊரை விட்டு வந்து, பிள்ளைகளின் கல்வியையே பெருஞ்செல்வமாகக் கருதி வாழும் குடும்பங்கள் நாம். மதிப்பெண்ணும் பதவியும் விரைந்து வரவேண்டும் என்ற ஆவல் நம்மிடம் மிகுந்துள்ளது. நோயும், தாழ்ந்த பதவியும், குறைந்த வசதியும் ஆசாரிய ராயின் வேகத்தைக் குறைத்திருக்கலாம். அவர் பார்வையைக் குறைக்கவில்லை. நம் பிள்ளைகள் சோதனைச் சாலையில் நீரிலே அமிலத்தைச் சிறுகச் சிறுக விட்டு நீர்க்கச் செய்யும்போது, அந்த மஞ்சள் படிகங்களை நினைப்பார்களாக. எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டால், நின்று நோக்கும் பொறுமை அவர்களுக்கு வாய்ப்பதாக!