பெயர் மாற்றிய வாத்தியார்

சாயங்கால நேரத்தில் தோட்டத் திடலில் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் கராத்தே பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் ஒரு பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பார். ஹெயான் என்பார், தெக்கி என்பார், கங்கு என்பார். உடனே பிள்ளைகள் எதிரில் ஆளே இல்லாமல் காற்றோடு சண்டை போடுவார்கள். போன மாதம் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனபோது ஒரு தாய் என்னை நிறுத்தினார். தன் மகன் தூக்கத்தில்கூட இந்தப் பெயர்களை உளறுகிறானாம். இதெல்லாம் என்ன, ஏதாவது சாமி பேரா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படித்துக்கொண்டே போனால் அது ஓர் ஏழைப் பள்ளிக்கூட வாத்தியாரின் கதையில் கொண்டுபோய் விட்டது. அவர் பெயர் கிச்சின் புனாக்கோஷி.

முதலில் கத்தா என்றால் என்ன? நம் தோட்டத்துச் சிலம்ப வாத்தியார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடிவரிசை என்று சொன்னால் போதும். எந்தக் காலை எங்கே வைப்பது, எந்தக் கையால் தடுப்பது, எங்கே திரும்புவது என்று முன்னோர் கோத்து வைத்த வரிசை. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட உடம்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில்தான் கதையே இருக்கிறது.

புனாக்கோஷி 1868-இல் ஒக்கினாவாத் தீவில் சூரி என்ற ஊரில் பிறந்தார். ஜப்பான்காரன் என்றதும் நம் பெரியவர்களுக்குச் சயாம் மரண ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒக்கினாவா அப்போது ஜப்பானே இல்லை. அது ரியூக்யூ என்ற தனி ராஜ்யம். தனிப் பாஷை, தனி ராஜா. சீனாவோடு பல நூறு வருஷம் வாணிபம். 1609-இல் ஜப்பானின் சத்சுமா பிரபு படையெடுத்து அதை அடக்கினார். 1879-இல் ஜப்பான் அதை முழுசாகவே விழுங்கி ஒரு மாநிலமாக்கியது. பிறகு என்னாச்சு தெரியுமா? பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தண்டனையாகத் தொங்கவிட்டார்கள். அடுத்து எவன் வாய் தவறித் தாய்மொழி பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புனாக்கோஷி குறைமாதக் குழந்தை. நோஞ்சான். பிழைக்க மாட்டான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். குடும்பம் பேருக்கு மேல்ஜாதி, கையில் காசில்லை. தகப்பனார் நிறையக் குடிப்பவர். தோக்கியோவில் டாக்டருக்குப் படிக்கப் பையனுக்கு ஆசை வந்தது. 1870-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் பரீட்சை எழுதலாம் என்று விதி. அதனால் பதிவேட்டில் பிறந்த வருஷத்தை 1870 என்று மாற்றிவிட்டார். நம் ஆட்களில் சூராட் பெரானாக்கில் ஒரு வயதும் நிஜத்தில் ஒரு வயதும் உள்ளவர்கள் எத்தனை பேர்! அவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பரீட்சையும் பாஸ். ஆனால் குடுமி உள்ளவனுக்கு அங்கே இடமில்லை. குடுமியை வெட்டக் குடும்பம் விடவில்லை. டாக்டர் படிப்பு போச்சு. பின்பு 1888-இல் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தபோது அதே குடுமியை வெட்ட வேண்டிவந்தது. வீட்டில் பெரிய ரகளை.

பகலில் வாத்தியார், இரவில் மாணவன். அசாத்தோ, இத்தோசு என்று இரண்டு குருமார். அந்தக் காலத்தில் கராத்தேயை ஊரறியப் பழகுவது வழக்கமில்லை. கையில் லாந்தரோடு இருட்டில் நடந்து போவார், விடியும் வேளையில் திரும்புவார். பார்த்த அக்கம்பக்கத்தார் இந்த வாத்தியார் கெட்ட வீட்டுக்குப் போய் வருகிறார் என்று சந்தேகப்பட்டார்கள். அங்கே அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நைஹாஞ்சி என்ற கத்தாவில் மூன்று பகுதி. அந்த மூன்றை மட்டும் பத்து வருஷம் பழகினார். குரு திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார். சரியில்லை என்றால் மறுபடியும். மறுநாளும் அதே. சம்பளமோ சொற்பம், வீட்டில் சாப்பிடுவது பத்து வாய். மனைவி விடியுமுன் காய்கறித் தோட்டத்தில் பாடுபட்டு, இரவில் துணி நெய்து சமாளித்தார். கராத்தேப் புத்தகங்களில் அந்த அம்மாவின் படம் வருவதில்லை. அவர் இல்லாமல் புனாக்கோஷி இல்லை என்பது என் கட்சி.

இத்தோசு குரு 1905-ஆம் ஆண்டு வாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பினான் என்று ஐந்து சுலபமான கத்தாக்களை அமைத்தார். பெரிய கத்தாக்களின் பெயர்களோ பெரும்பாலும் சீன வாடை. சில வெறும் எண்கள். செய்சான் என்றால் 13. நிசெய்ஷி என்றால் 24. சில மனிதர் பெயர்கள். குசாங்கு என்பது ஒக்கினாவாவுக்கு வந்த ஒரு சீனர். 1762-இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பில் அவர் மற்போர் வித்தை காட்டிய செய்தி இருக்கிறது. வான்ஷு சீனத் தூதர் என்றும், சிந்தோ கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமி என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் எல்லாவற்றையும் கொண்டுபோனார் என்று நம்மவர்கள் மேடையில் முழங்குவதுண்டு. இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன அந்தத் துறவியின் கதையைப் புனாக்கோஷியும் தம் புத்தகத்தில் சொல்கிறார். ஆனால் அது கதைதான், சான்று கிடையாது. ஏழை வாத்தியாரின் வரலாற்றைப் பேசும்போது அந்தப் பெருமையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

1922-இல் தோக்கியோவில் கல்வி அமைச்சு நடத்திய விளையாட்டுக் கண்காட்சியில் கராத்தேயைக் காட்ட ஒக்கினாவா அவரை அனுப்பியது. வயது 53. காட்டிவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் உத்தேசம். ஜூடோவை உருவாக்கிய கானோ தம் கூடத்துக்கு அழைத்தார், இன்னும் பலர் அழைத்தார்கள். தங்கிவிட்டார். மனைவி வரவில்லை. முன்னோர் கல்லறையை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தங்கியது ஒக்கினாவா மாணவர்களுக்கான ஒரு விடுதி. வாடகைக்கு வழியில்லாததால் அங்கேயே காவல்காரர், தோட்டக்காரர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் அவரே. சமையல்காரருக்குக் கராத்தே கற்றுக்கொடுத்துச் சாப்பாட்டுக் கணக்கில் கழித்துக்கொண்டார். தொப்பியும் ஊர்த் துணியில் நெய்த அங்கியும் அடகுக் கடைக்குப் போயின. ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த கிழவரிடம் புனாக்கோஷி ஆசிரியரைப் பார்க்கவேண்டும் என்றார். கிழவர் உள்ளே போனார், துடைப்பத்தை வைத்தார், நல்ல உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்து தாம்தான் அவர் என்று வணங்கினார். வந்தவர் வாயடைத்துப் போனார்.

1924-இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் தொடங்கியது. படித்த பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சீனப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, அர்த்தமும் புரியவில்லை. காலமும் கெட்டிருந்தது. ஜப்பானில் சீனா மேல் வெறுப்பு வளர்ந்துகொண்டே வந்தது. 1937-இல் முழுப் போரே மூண்டது. கராத்தே என்ற சொல்லையே அதுவரை சீனக் கை என்று பொருள்படும் எழுத்தில்தான் எழுதினார்கள். புனாக்கோஷி ஓசையை வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றினார். வெறுங்கை என்றானது. 1905-லேயே ஒக்கினாவாவில் வேறொரு ஆசிரியர் அப்படி எழுதியதுண்டு. ஆனாலும் அங்கே எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 1936-இல் நாஹா நகரில் குருமார் கூடி அதையே ஏற்றார்கள்.

கத்தாக்களுக்கும் புதுப் பெயர். பினான் ஹெயான் ஆனது, அதே எழுத்துக்கு ஜப்பானிய உச்சரிப்பு, அமைதி என்று பொருள். குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கும் நைஹாஞ்சி, இரும்புக் குதிரை என்ற தெக்கி. செய்சானில் கால் வளைந்து போவதால் அரைநிலா, ஹங்கெத்சு. வான்ஷு தூதர் பறக்கும் குருவியானார். சிந்தோ மாலுமி பாறைமேல் நிற்கும் கொக்கானார். முதல் அசைவில் இரண்டு கையையும் தூக்கி வானத்தைப் பார்ப்பதால் குசாங்கு, கங்கு ஆனது. வானம் பார்த்தல் என்று பொருள். 1935-இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் இந்தப் பெயர்கள் ஏறிவிட்டன.

செய்தது சரியா? எனக்கு மனம் ஒருநிலையில் நிற்கவில்லை. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளைக்கும் சுலபமாகப் புரிகிறது. மாற்றியிராவிட்டால் அந்தக் காலத்து ஜப்பானில் கராத்தே வாசற்படி தாண்டியிருக்குமா என்பதும் கேள்விதான். ஆனாலும் சொல்லிக்கொடுத்தவன் பெயர் போய்விட்டதே. கம்பெனி கை மாறினால் தோட்டத்துப் பெயர்ப்பலகை மாறுகிறது, நாம் மட்டும் பழைய தமிழ்ப் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஏன் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்தில் பலகை மாட்டிய பள்ளிக்கூடங்களின் காலத்தில் வாத்தியாராக இருந்தவர் அவர். எது உள்ளே அனுமதிக்கப்படும், எது வெளியே நிறுத்தப்படும் என்று நன்றாகத் தெரிந்தவர். பெயரை விட்டுக்கொடுத்து அசைவைக் காப்பாற்றினார் என்றே எனக்குப் படுகிறது.

மாணவர்கள் காசு சேர்த்து 1939-இல் அவருக்கு ஒரு பயிற்சிக் கூடம் கட்டினார்கள். அவர் கவிதை எழுத வைத்துக்கொண்ட புனைபெயர் ஷோதோ. பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலையோசை என்று பொருள். அதனால் கூடம் ஷோதோகான் ஆனது. 1945-இல் விமானக் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. வித்தையைத் தொடர்ந்து நடத்திவந்த மூன்றாம் மகனும் அந்த வருஷமே நோயில் இறந்தார். ஒக்கினாவா போரில் பொதுமக்களில் நாலில் ஒருவர் மாண்டதாகக் கணக்கு. உயிர் தப்பிய மனைவி க்யூஷு தீவுக்கு வந்து சேர, கிழவர் அங்கே போய் அவரோடு வாழ்ந்தார். எத்தனையோ வருஷப் பிரிவுக்குப் பிறகு கிடைத்தது இரண்டே வருஷம். 1947-இல் அந்த அம்மா காலமானார். புனாக்கோஷி தோக்கியோ திரும்பி 1957 ஏப்ரல் 26-இல் மறைந்தார்.

அந்தத் தாய்க்கு அடுத்த முறை போகும்போது பதில் சொல்லவேண்டும். சாமி பேர் இல்லை அம்மா, உங்கள் மகன் உளறுவது குருவியும் குதிரையும் வானமும் என்று. ஒக்கினாவாவில் இன்றும் பழைய பள்ளிகள் அதே கத்தாவுக்குக் குசாங்கு என்றே குரல் கொடுக்கின்றன. நம் திடலில் கங்கு. குரல் கேட்டதும் இரண்டு இடத்துப் பிள்ளைகளும் கையைத் தூக்கி வானத்தைத்தான் பார்க்கிறார்கள்.